அட்வான்ஸ் போடச் சொன்னால் போனை வையுங்கள்

(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார், இளைஞர்கள் கலந்துகொண்ட கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி நாங்கள் பேசப்போவதில்லை. அதைத் தலைவர்கள் பேசுவார்கள். சம்பளம் கைக்கு வந்த பிறகு அது எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதைப் பேசப்போகிறோம். கடைக் கணக்கு, சீட்டு, அடகு வட்டி, இவையெல்லாம் நமக்குப் பழகிய ஓட்டைகள். இப்போது இன்னொன்று பெரிதாகிக்கொண்டு வருகிறது. அது போனில் வரும் விளம்பரம்.

பேப்பரில் வரும் சிறு விளம்பரம் நமக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் காணி விற்பனை, வாகன விற்பனை, மணமகள் தேவை என்று பக்கம் பக்கமாக வரும். அதைப் போடுகிறவர் காசு கட்டித்தான் போட வேண்டும். இப்போது இக்மன் போன்ற தளங்களிலும் பேஸ்புக்கிலும் ஒரு விளம்பரம் போட ஒரு சிம் இருந்தால் போதும். 'இக்மன்' என்றால் சிங்களத்தில் 'சீக்கிரம்' என்று அர்த்தம். நல்ல பொருளைச் சீக்கிரமாக விற்கவும் வாங்கவும் இந்தத் தளங்கள் உதவுகின்றன, அதை மறுக்கவில்லை. கடையில் புதுச் சாமான் வாங்க முடியாத நம்மைப் போன்றவர்களுக்குப் பழைய சாமான் சந்தை கட்டாயம் தேவை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. அப்போது எத்தனை லயத்தில் பிள்ளைக்காகப் பழைய போன் தேடினோம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே வாங்காதீர்கள், விற்காதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்றுதான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவன் நம்மிடம் 20,000 ரூபா ஏமாற்றினால் அது ஏறக்குறைய 15 பேர். அரைப்பேர் இல்லாமல், ஒரு பிடிப்பும் கழியாமல், 15 முழுப்பேர். அத்தனை நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கியது ஒரு போன் அழைப்பில் போய்விடுகிறது. கொழும்பில் நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு 20,000 ரூபா போனால் ஒரு வாரம் மனக்கஷ்டம். நம் வீட்டில் என்றால் தோடு அடகுக்குப் போகும்.

ஏமாறுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்திலும் சங்க அலுவலகத்திலும் நாங்கள் கேட்கிற கதைகளில் ஊர் மாறுகிறது, பொருள் மாறுகிறது, கதை ஒன்றேதான்.

ஒரு போன் விற்பனைக்கு என்று படம் வருகிறது. கடையில் 60,000 ரூபா. இங்கே 28,000. அழைத்தால் நல்ல மரியாதையாகப் பேசுகிறான். 'அக்கா, நான் அடுத்த கிழமை வெளிநாடு போறேன், அதுதான் குறைச்சுக் குடுக்கிறேன்' என்கிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் தூரமான ஊர் ஒன்றைச் சொல்கிறான். ஹட்டனில் இருந்து அழைத்தால் அவன் காலியில் இருப்பான். காலியில் இருந்து அழைத்தால் ஹட்டனில் இருப்பான். போய்ப் பார்க்க முடியாத தூரம் அவனுக்கு வேண்டும். பிறகு, 'இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க அக்கா, உங்களுக்குத்தான் வேணும்னா ஒரு 5,000 அட்வான்ஸ் போடுங்க, நான் மத்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லிடுறேன்' என்பான். நம்பிக்கைக்கு அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவான்.

5,000 போட்டதும் முடிந்துவிடாது. 'கூரியர் காரன் முழுக்காசையும் கேட்கிறான்' என்று அடுத்த அழைப்பு. பிறகு 'இன்சூரன்ஸ்' என்று ஒரு 3,000. போட்ட 5,000 போய்விடக் கூடாதே என்ற பயத்திலேயே அடுத்ததையும் போடுகிறோம். முன்பு போட்ட காசுதான் பின்னால் போடும் காசை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாள் அந்த நம்பர் வேலை செய்யாது.

அந்த அடையாள அட்டைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் அவனுடையது இல்லை. அவனிடம் முன்பு ஏமாந்த யாரோ ஒருவர் நம்பி அனுப்பிய படம். நீங்கள் உங்கள் அட்டையின் படத்தை அனுப்பினால், நாளைக்கு இன்னொரு தோட்டத்தில் இன்னொரு அக்காவிடம் உங்கள் முகத்தைக் காட்டி அவன் காசு வாங்குவான். பொலிஸ் தேடி வருவது உங்கள் லயத்துக்குத்தான். அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முன்பக்கம், வங்கி அட்டை, இந்த மூன்றின் படமும் முகம் தெரியாதவர் போனுக்குப் போகவே கூடாது.

இப்போது ஒரு மாடு வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்கிறோம்? தனியாகப் போகிறோமா? மாடு பழகின ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பல்லைப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஐந்து லீற்றர் கறக்கும் என்று அவர் சொன்னால், சரி, காலையிலும் பின்னேரமும் எங்கள் முன்னால் கறங்கள் என்கிறோம். அதற்குப் பிறகும் ஐம்பது ரூபா நூறு ரூபாவுக்குப் பேரம். நாலு பேர் பார்க்கக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கையில் வாங்குகிறோம். இதை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசில் ஒரு கிலோ குறைந்தால் கேள்வி கேட்கிறோம், கேட்க வேண்டும். இவ்வளவு விவரமாக இருக்கிற நாம் போனில் ஒரு படத்தைப் பார்த்ததும் ஏன் இதையெல்லாம் விட்டுவிடுகிறோம்?

பேராசை என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது சம்மதமில்லை. பிள்ளைக்குப் படிக்க ஒரு போன் வேண்டும் என்பது பேராசையா? போனில் நாம் தனியாக இருக்கிறோம் என்பதுதான் காரணம். ராத்திரி வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒருவராகப் பார்க்கிறோம். அவன் அவசரப்படுத்துகிறான். பக்கத்துக் காம்பராவில் கேட்டால் 'பார்த்தாயா, இவளுக்குப் போன் வாங்கக் காசு இருக்கு' என்று பேசுவார்களோ என்று கேட்காமல் விடுகிறோம். மாட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற நாம் போனுக்கு ஆள் கூப்பிடுவதில்லை. அந்த இடத்தில்தான் அவன் நுழைகிறான்.

ஆகவே வாங்குவதற்கு முதல் விதி: பொருளைப் பார்க்காமல் ஒரு ரூபாவும் போடுவதில்லை. அட்வான்ஸ் என்ற சொல் வந்ததும் போனை வையுங்கள். நல்ல பொருள் கைநழுவிப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உண்மையாக விற்கிறவர், 'வந்து பார்த்துட்டு எடுங்க' என்றுதான் சொல்வார்.

பார்க்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், பகலில் போங்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். டவுனில் வங்கி வாசல் நல்ல இடம். அவனுடைய வீட்டுக்கோ, தெரியாத சந்துக்கோ பெண்பிள்ளைகள் தனியாகப் போக வேண்டாம். முழுக்காசையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். ஒருவர் பொருளைப் பார்க்கட்டும், காசு மற்றவரிடம் இருக்கட்டும்.

போன் என்றால் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். கமெரா, சார்ஜ், சத்தம் எல்லாம் பாருங்கள். *#06# என்று அடித்தால் 15 இலக்கங்கள் வரும். அதுதான் அந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். பெட்டி இருந்தால் பெட்டியில் உள்ள எண்ணும் போனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இன்னொன்று, விற்கிறவர் தன்னுடைய கூகுள் கணக்கையோ அப்பிள் கணக்கையோ உங்கள் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் கொடுத்தால் நாளைக்கு அந்தப் போன் பூட்டிக்கொண்டு செங்கல் மாதிரிக் கிடக்கும். எடுக்க முடியவில்லை என்று அவர் இழுத்தால் அது அவருடைய போனே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். திருட்டுச் சாமானென்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான்.

பார்சலில் வருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். காசு கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுகிறார்கள். அதனால் விலை கூடின பொருளை அந்த முறையில் எடுக்க வேண்டாம். சேலை, சட்டை என்றால் பார்சலைப் பிரிக்கும்போதே பிள்ளையிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். யாரும் ஓடர் பண்ணாத பார்சல் வீட்டுக்கு வந்து காசு கேட்டால் வாங்க வேண்டாம். நாம் மலையில் இருக்கும்போது வீட்டில் இருக்கிற ஆயாவிடம்தான் அந்தப் பார்சல் வரும், ஆயாவுக்கும் சொல்லி வையுங்கள்.

இனி விற்பதைப் பற்றி. வாங்குகிறவன்தான் ஏமாறுவான், விற்கிறவனுக்கு என்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது விற்கிறவரைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு தம்பி தன் தையல் மெஷினை விற்க விளம்பரம் போடுகிறான் என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் வட்ஸ்அப்பில் ஒருவர் வருகிறார். பேரம் பேசவே மாட்டார். அது முதல் அடையாளம். நம் ஊரில் பேரம் பேசாமல் யார் எதை வாங்குகிறார்கள்? 'எனக்குப் பிடிச்சிருக்கு, கூரியர் ஆள் வந்து எடுப்பார், காசை இப்பவே போடுறேன், இந்த லிங்கை அமத்துங்க' என்பார். அமத்தினால் நாம் விளம்பரம் போட்ட தளத்தைப் போலவே, அல்லது வங்கியைப் போலவே, ஒரு பக்கம் வரும். வங்கி அட்டையின் நம்பரைக் கேட்கும். பிறகு உங்கள் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு ஓ.டி.பி. வரும். 'அதைச் சொன்னாத்தான் காசு வரும்' என்பார். சொன்ன நிமிடம் காசு வராது, கணக்கில் இருந்த காசு போகும்.

இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். நமக்குக் காசு வருவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை. நம் காசு போவதற்குத்தான் அது கேட்கப்படும். ஒருவர் நம் கணக்கில் காசு போட வேண்டுமானால் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம், இவ்வளவும் போதும். அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கம், பின் நம்பர், ஓ.டி.பி. இவற்றைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும், வங்கி மேனேஜர் என்று சொன்னாலும், அவன் காசு போட வரவில்லை. ஈசி கேஷ், எம் கேஷ் பின் நம்பருக்கும் இதே கதைதான்.

இரண்டாவது வகை, பொய் ரசீது. வாங்குகிறவன் வங்கியில் காசு போட்ட ரசீதின் படத்தை அனுப்புவான். நம் பெயர், கணக்கு இலக்கம், தொகை எல்லாம் சரியாக இருக்கும். போனிலேயே அப்படி ஒரு படம் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். வங்கியில் இருந்து வந்தது போல எஸ்.எம்.எஸ். கூட அனுப்புகிறார்கள். 'காசு போட்டாச்சு, லொறி வாசல்ல நிக்குது, சாமானைத் தாங்க' என்று அவசரப்படுத்துவான். அவன் காட்டுவதைப் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். வங்கியின் செயலியிலோ, ஏ.டி.எம்.மிலோ, புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிந்தோ பாருங்கள். மீதி கூடியிருந்தால்தான் காசு வந்தது. அதுவரை சாமான் வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரமாகப் பார்த்து வருகிறவன் மேல் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வங்கி மூடுகிற நேரம் அவனுக்குத் தெரியும்.

இதிலேயே இன்னொரு கிளை. '15,000க்குப் பதிலாக 50,000 போட்டுட்டேன் அண்ணே, மிச்சம் 35,000த்தைத் திருப்பிப் போடுங்க, அம்மா ஆஸ்பத்திரியில' என்று அழுவான். நம் ஆட்களின் இரக்கம் அவனுக்குத் தெரியும். கணக்கைப் பார்த்தால் 50,000 வந்தே இருக்காது. அப்படி உண்மையிலேயே கூடுதல் காசு வந்திருந்தால் நீங்களாகத் திருப்பிப் போட வேண்டாம், வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய காசாகவும் இருக்கலாம்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் தா, அட்டையையும் தா, 10,000 தாறேன்' என்று சிலர் சுற்றுகிறார்கள். 'உன் பெயரில் ஒரு சிம் எடுத்துத் தா' என்றும் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறவன் தன் கணக்கில் காசு வாங்குவதில்லை. உங்களைப் போன்ற பிள்ளையின் கணக்கில்தான் வாங்குகிறான். காசு போன வழியைத் தேடினால் உங்கள் பெயர்தான் முதலில் நிற்கும். அவன் பெயர் எங்கேயும் இருக்காது. வேலை தேடிக் கொழும்புக்குப் போய்வரும் தம்பிமார் இதை மறக்க வேண்டாம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். ஓட்டோ.

ஐயா ஒருவர் வேலையில் இருந்து நிற்கிறார். சேமலாப நிதிக் காசு வருகிறது. முப்பது, முப்பத்தைந்து வருடம் உழைத்த காசு. அந்தச் செய்தி ஐயா வங்கியில் இருந்து திரும்பி வருவதற்குள் டவுன் வரைக்கும் போய்விடுகிறது. மகன் சும்மா இருக்கிறான், ஒரு ஓட்டோ எடுத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று வீட்டில் பேசுகிறார்கள். விளம்பரத்தில் ஒரு ஓட்டோ வருகிறது, சந்தை விலையை விட இரண்டு லட்சம் குறைவு. கூடவே ஒரு புரோக்கரும் வருகிறார். இந்த இடத்தில் நடக்கும் தவறு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பையே கொண்டுபோகும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

ஓட்டோவுக்கு லீசிங் கட்டி முடியவில்லை என்றால் வாகனப் பதிவில் பினான்ஸ் கம்பனியின் உரிமை எழுதப்பட்டிருக்கும், மூலப் புத்தகமும் கம்பனியிடம் இருக்கும். விற்கிறவர் போட்டோ கொப்பியைக் காட்டி, 'ஒரிஜினல் வீட்ல இருக்கு' என்பார். நாம் முழுக்காசையும் கொடுத்து எடுத்துவந்து ஒரு மாதம் ஓடியிருக்க மாட்டோம், சீசிங் காரர்கள் வந்து ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கம்பனியோடு நமக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை, கேட்க வாய் இருக்காது. மூலப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் காசு கொடுக்கவே வேண்டாம். லீசிங் இருக்கிறது என்று அவரே சொன்னால், அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பனிக்குப் போங்கள். மிச்சக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கடனைக் கம்பனியிலேயே கட்டி, ரசீது வாங்கி, மீதியை மட்டும் விற்கிறவருக்குக் கொடுங்கள்.

புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண்ணும் செசி எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். பதிவில் இருக்கும் உரிமையாளரும் விற்கிறவரும் ஒரே ஆளா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 'அவர் இவருக்கு வித்தார், இவர் எனக்கு வித்தார், எல்லாம் ஓபன் பேப்பர்' என்று சொல்வார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கைமாற்றிக்கொண்டே போகிற இந்தப் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. முதல் உரிமையாளர் இறந்துவிட்டால், அல்லது அவருக்கும் யாருக்கும் வழக்கு என்றால், அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நாம் அலைய வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் வண்டி உங்களுடையது. விற்கிறவருக்கும் இதே அளவு ஆபத்து உண்டு. உங்கள் பெயரிலேயே வண்டியை ஒருவர் ஓட்டிக்கொண்டு போய் எங்காவது ஆளை அடித்துவிட்டால் பொலிஸ் முதலில் உங்களைத்தான் தேடும்.

இந்தப் பேப்பர்கள் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். 'பிரச்சினை இல்ல, சும்மா போடுங்க' என்று சொல்கிறவர் புரோக்கர். அவருக்கு உண்மையிலேயே பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், ஆசிரியர்மார் நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளில் சிங்களம் நன்றாக வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தாலும் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். 'அடகு வைத்த நகையை மீட்டு உடனடியாக வாங்கப்படும்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வட்டி ஏறி ஏலத்துக்குப் போகிற நகையை விற்று நாலு காசு பார்ப்பது தப்பில்லை. அடகுச் சீட்டையும் அடையாள அட்டையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டில் இருப்பதுதான் தப்பு. நீங்களும் வங்கிக்குப் போங்கள். உங்கள் கண் முன்னால் மீட்கச் சொல்லுங்கள், நகை முதலில் உங்கள் கைக்கு வரட்டும். சீட்டில் எழுதியிருக்கும் நிறையும் அவர் தராசு காட்டும் நிறையும் ஒன்றா என்று பாருங்கள். அன்றைய பவுண் விலையைப் போவதற்கு முன் இரண்டு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை விளம்பரமும் இந்தப் பட்டியலில் வரும், அதற்குத் தனியாக ஒரு கூட்டமே வைக்க வேண்டும். இன்றைக்கு இவ்வளவு மட்டும்: உரிமம் இல்லாத ஆளுக்கு வெளிநாட்டு வேலைக்கென்று காசு கொடுக்க வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போனால் அங்கே போய் வேலை விசாவாக மாற்றலாம் என்று சொல்கிறவரிடம் நாம் பேச ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியன்மாரில் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கைப் பிள்ளைகளின் செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சரி, இவ்வளவும் தெரிந்தும் ஒருவர் ஏமாந்துவிட்டார். என்ன செய்வது?

முதலில், அழித்துவிடாதீர்கள். வெட்கத்தில் வட்ஸ்அப் செய்தியை எல்லாம் அழித்துவிட்டு வருகிறார்கள். அதுதான் சாட்சி. அவன் நம்பர், அவன் கொடுத்த கணக்கு இலக்கம், பெயர், விளம்பரத்தின் படம், நீங்கள் காசு போட்ட ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள். விளம்பரம் மறைந்துபோவதற்கு முன் படம் எடுத்து இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, அன்றைக்கே வங்கிக்கு அழையுங்கள். உங்கள் வங்கிக்கும், அவன் காசு வாங்கிய கணக்கு இருக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். இப்போது ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குக் காசு சில வினாடியில் போகிறது, போன காசை வங்கி தன்பாட்டில் திருப்பி எடுக்காது. ஆனால் அவன் எடுப்பதற்கு முன் தெரிந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அட்டை நம்பரையோ ஓ.டி.பி.யையோ கொடுத்திருந்தால் அட்டையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நாளைக்குச் சம்பளம் எடுக்கப் போகும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தால் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, பொலிஸ். தொகை சின்னது என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாற்றுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், 5,000 ரூபாவும் குற்றம்தான். முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வங்கிக்கும் அது தேவைப்படும். தமிழில் முறைப்பாடு செய்ய அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் போக வேண்டாம், தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சங்கம் அதற்குத்தான் இருக்கிறது. பொலிசில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. போன், பேஸ்புக், வட்ஸ்அப் சம்பந்தமாக ஆலோசனை வேண்டுமென்றால் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101.

காசு திரும்பி வருமா என்று கேட்பீர்கள். பல நேரம் வராது. அதை மறைத்துச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஆனால் ஒரே கணக்கு இலக்கத்துக்கு எதிராக நாலு தோட்டத்தில் இருந்து நாலு முறைப்பாடு போனால் அதை ஒதுக்கி வைப்பது கஷ்டம். இப்போது என்ன நடக்கிறது? நாலு பேரும் ஏமாந்து, நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். புருஷனுக்குத் தெரியக் கூடாது, மாமியாருக்குத் தெரியக் கூடாது. ஒரே ஆள் மேல் டிவிசனில் ஏமாற்றிவிட்டு அடுத்த மாதம் கீழ் டிவிசனுக்கு வருகிறான், யாரும் எச்சரிக்கவில்லை. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். வீட்டு ஆம்பிளைகளுக்கும் சொல்கிறோம், மனைவி ஏமாந்துவிட்டு வந்து சொன்னால் திட்டிக்கொண்டிருக்கிற ஒரு மணி நேரத்தில் வங்கிக்கு அழைத்திருக்கலாம்.

கிளையில் நாங்கள் பேசி இரண்டு விஷயம் தீர்மானித்திருக்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் போன் விஷயம் தெரிந்த இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்பிள்ளை, முன்வர வேண்டும். 10,000 ரூபாவுக்கு மேல் விளம்பரம் பார்த்து வாங்குகிறவரும் விற்கிறவரும் காசு கைமாறுவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் காட்ட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். டவுனுக்குத் துணைக்குப் போனால் பஸ் காசை வாங்குகிறவர் கொடுக்கட்டும், அதற்கு மேல் யாரும் ஒரு சதமும் கேட்கக் கூடாது.

இரண்டாவது, ஏமாற்றியவன் பயன்படுத்திய போன் நம்பரையும் கணக்கு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். ஏமாந்தவர் பெயர் அதில் இருக்காது, கொப்பி மாதர் சங்கத் தலைவியிடம் இருக்கும். அந்த நம்பரை நாமே பேஸ்புக்கில் போட வேண்டாம், அது வேறு யாரோ அப்பாவியின் சிம்மாக இருக்கலாம். பொலிசுக்குக் கொடுப்போம், நமக்குள் கேட்கிறவருக்குச் சொல்வோம்.

பெயர் கொடுக்க விரும்பும் தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். இப்போது கேள்விகளைக் கேளுங்கள். முன்வரிசையில் அக்கா ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கை தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவோம்.